தொடுதலும் தோண்டுதலும்

கேள்வி: தொடுதிரையைத் தொட்டாலே பாடம் ஓடுகிறதே, இனி உபாத்தியாயர் எதற்கு ஐயா? (கன்னியாகுமரி வாசகர்)

பதில்: உங்கள் ஊர்க் கடலில் பீடத்தோடு 133 அடி உயர்ந்து நிற்கிறாரே வள்ளுவர், அவர் காலத்தில் ‘தொடுதல்’ என்றால் தோண்டுதல் என்றும் பொருள். அவருடைய குறளிலிருந்தே பெயர் பெற்று, 2023இல் தமிழக அரசு வெளியிட்ட ‘மணற்கேணி’ பாடச் செயலியையும் அந்தப் பொருளிலேயே தொட வேண்டும்.

சந்திரன் பூமியைச் சுற்றும் படத்தைத் திரையில் ஓடவிட்டு, பாதியிலே நிறுத்தி, “பௌர்ணமியன்று சூரியன் மேற்கே இறங்கும்போது நிலா எங்கே நிற்கும்?” என்று வினவி, ஒவ்வொரு பிள்ளையும் தப்பாகவேனும் தன் நோட்டில் ஒரு வட்டம் போட்டுக் காட்டும்வரை பொறுத்திருக்கிற உபாத்தியாயரின் கையில்தான் அந்தச் செயலி பிரயோஜனப்படுகிறது. நிறுத்தாமல் ஓடும் படம், எத்தனை அழகாயிருந்தாலும், வெறும் பொழுதுபோக்கே.

விடையைச் சரிபார்க்க நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு திரையும் உண்டு: சித்திரா பௌர்ணமி மாலையில், உங்கள் முனையிலே, சூரியன் மேற்குக் கடலில் அஸ்தமிக்க, சந்திரன் கிழக்குக் கடலில் உதயமாகும். அன்றைக்குச் செயலியை மூடிவிட்டு, வகுப்பையே கரைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.