என்டர் தட்டுமுன்னே ஏட்டைப் படி, பேராண்டி!

எலே பேராண்டி, வா, உக்காரு. லினக்ஸ் போட்டுட்டியாம்ல? கறுப்புத் திரையைப் படம் புடிச்சு ஸ்டேட்டஸ் வேற வச்சியாம். ரொம்ப சந்தோஷம். "அதுல என்னடா அடிச்சே"ன்னு கேட்டா, "எங்கயோ பார்த்து ஒட்டினேன் தாத்தா"ங்கறே. பேஷ்! எவன் எழுதினான், எதுக்கு எழுதினான்ங்கற விசாரமெல்லாம் உன்னை மாதிரி பெரிய மனுசனுக்கு எதுக்கு?

முதல்ல சூடோ, அதாவது நிர்வாகி அதிகாரத்தோட கட்டளையை ஓட்டுறது. பாஸ்வேர்டு கேக்கும், நீ அடிக்க அடிக்கப் பெரும்பாலும் ஒரு புள்ளிகூடத் தெரியாது. கீபோர்டு செத்துப்போச்சுன்னு கடைக்கு ஓடிராதே. பின்னாடி நிக்கிறவனுக்கு அதோட நீளம்கூடத் தெரியக் கூடாதுன்னு அப்படி. சில லினக்ஸ்ல முதல் தடவை மூணு புத்திமதியும் சொல்லும்: அடுத்தவன் அந்தரங்கத்தை மதி, அடிக்கறதுக்கு முன்னே யோசி, அதிகாரம் பெருசுன்னா பொறுப்பும் பெருசு. 1980 வாக்குல பொறந்தது சூடோ. வயசாயிருச்சுல்ல, எனக்கு மாதிரியே அதுக்கும் எவனும் காது குடுக்கறதில்ல.

மென்பொருள் போடுற கட்டளைதான் ஆப்ட். நீ ஆப்ட் அப்டேட் அடிச்சுட்டு, எல்லாம் புதுசாயிருச்சுன்னு மீசையை முறுக்கினியாமே. அது சந்தைக்குப் போயி விலையை மட்டும் விசாரிச்சுட்டு, வெறும் பையோட திரும்புறதுடா. சாமானை வீட்டுக்குக் கொண்டாறது ஆப்ட் அப்கிரேடு. எதைப் போடப்போறேன், எதைத் தூக்கப்போறேன்னு பட்டியல் போட்டுத்தான் ஆப்ட் சம்மதம் கேக்கும். நீதான் பட்டியல் ஓடி முடியறதுக்குள்ள ஒய் அடிக்கிற வீரனாச்சே.

உன்னைவிடப் பெரிய வீரன் ஒருத்தர் இருக்கார். கனடாவுல யூடியூப் சேனல் நடத்துற லினஸ் செபாஸ்டியன். 2021-ல பாப் ஓஎஸ்ங்கற லினக்ஸ்ல ஸ்டீம்ங்கற கேம் மென்பொருளைப் போடப் போனார். அந்த நேரம் தொகுப்புல ஒரு கோளாறு. "முக்கியமானதெல்லாம் போயிரும், இது ஆபத்து"ன்னு ஆப்ட் எச்சரிச்சுது. வெறும் ஒய்யை நம்பாம, "ஆமா, நான் சொன்னபடி செய்"ங்கற அர்த்தத்துல முழு வாக்கியத்தையே அடிக்கச் சொல்லுச்சு. மனுசன் ஒரு எழுத்துப் பிசகாம அடிச்சார். அதுவும் சொன்னபடியே செஞ்சுது, டெஸ்க்டாப்பே காணாமப்போச்சு! லினக்ஸைப் படைச்ச டோர்வால்ட்ஸ் பேருதான் இவருக்கும். பேரு வந்து காப்பாத்துச்சா?

டிஸ்க் நெறஞ்சுபோச்சுன்னா லினக்ஸ் மேல பழி போடாதே. டிஎஃப் ஹைபன் எச் அடி. எந்தப் பகுதி எவ்வளவு நெறஞ்சிருக்குன்னு காட்டும். டியூ ஹைபன் எஸ்எச், ஒரு இடம் விட்டு நட்சத்திரக்குறி போட்டா, எந்த ஃபோல்டர் தின்னு கொழுத்திருக்குன்னு காட்டிக்குடுத்துரும். டவுன்லோட்ஸ்னு வந்தா என்னைப் பார்த்து முழிக்காதே. உங்க அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலே.

அழிக்கப்போறியா? ஆர்எம்முக்குக் குப்பைத்தொட்டி கிடையாது, போனது போனதுதான். அதனால முதல்ல அதே நட்சத்திரக்குறியோட எல்எஸ் போடு, எதெல்லாம் மாட்டுதுன்னு தெரியும். அப்புறம் மேல்அம்புக்குறியைத் தட்டி, எல்எஸ்ஸை ஆர்எம்மா மாத்து. கை நடுங்குச்சுன்னா ஹைபன் ஐ சேர்த்துக்கோ. ஒவ்வொண்ணுக்கும் உன்னைக் கேட்டுட்டே அழிக்கும்.

தொங்கிப்போன பயர்ஃபாக்ஸை எடுத்த எடுப்புல கில் ஹைபன் 9-னு வெட்டுறது வீரமில்லே. சும்மா கில்னா 15-ஆம் சிக்னல். எழுதவேண்டியதை எழுதிவச்சுட்டுப் போக அவகாசம் உண்டு. 9-க்கு அந்த இரக்கம் கிடையாது. 15-க்கு அசையலேன்னா மட்டும் 9.

இதுக்கெல்லாம் தாத்தன் எதுக்கு? மேன்னு ஒண்ணு உள்ளயே இருக்கு. பெரும்பாலான கட்டளைகளுக்கு முன்னாடி அதைப் போட்டா அதோட ஜாதகமே விரியும். மேன் மேன்னு அடிச்சு அங்கேருந்து ஆரம்பி. வெளிய வர கியூ தட்டணும். அதை இப்பவே சொல்லிட்டேன். இல்லேன்னா பட்டனைப் பிடிச்சு அமுக்கி கம்ப்யூட்டரையே அணைச்சுட்டு, "நான் லினக்ஸ் கத்துக்கிட்டேன்"னு மறுபடியும் ஸ்டேட்டஸ் போடுவே!