ஓணானுக்கு ஒரு பல்பு

கத்திரி வெயிலில் ஆம்பூர்க் குழாயைத் திறந்தால் நேரே டீத்தூள் போடலாம். இந்த நேரம் பார்த்து என் மச்சான் சூடேற்றும் பல்பு வாங்கி வந்திருக்கிறான். மனுஷனுக்கில்லை, ஓணானுக்கு.

ஜோடி வாங்கிப் பெருக்கும் புத்தி நமக்குப் புதிதா? முயல், காடை, லவ் பேர்ட்ஸ் என்று மாடிக்கு மாடி துருப்பிடித்த கூண்டு சாட்சி. 2012இல் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணை வியாபாரம் சரிந்தபோதாவது திருந்தியிருக்க வேண்டும். இப்போது ஆஸ்திரேலியத் தாடி ஓணான்! “இன்னா மாமா, ஒரு ஈட்டுக்கு இருபது முட்டை” என்று கல்யாணப் பத்திரிகையின் முதுகில் பெருக்குகிறான். அந்தக் கணக்கில் எந்தக் குட்டியும் சாகாது. எந்தக் குட்டியும் இன்னொன்றின் வாலைக் கடிக்காது. வாங்குகிறவன் யார் என்றால், “இதே மாதிரி ஜோடி வளர்க்க நெனைக்கிறவங்கதான்.” மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் பெட்டிக்குள் வெளிநாட்டுப் பல்லி பிடிபடுகிறதே, இதற்கு ரசீது உண்டா என்றேன். “இங்க பொரிச்சா எல்லாம் ஆம்பூர்தான் மாமா.”

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது சூடு. கண்ணாடித் தொட்டியின் ஒரு முனை 40 டிகிரி, மறுமுனை 25 இருக்க வேண்டுமாம். அந்த நாற்பதுக்குத்தான் பல்பு. வேலூர்ப் பக்கத்து ஆளிடமே நாற்பது டிகிரியைக் காசுக்கு விற்றிருக்கிறானே, அந்தக் கடைக்காரனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். போதாததற்குப் புற ஊதாக் குழல்விளக்கு. ஜன்னலுக்குத் திரை போட்டு ஓசி வெயிலை விரட்டிவிட்டு, கடை வெயிலை மாட்டுகிறான். இங்கே கிடைக்காதது அந்த 25தான். அது இருப்பது ஏசி போட்ட எங்கள் படுக்கையறையில் மட்டும். ஆகவே ஓணான் அங்கே குடியேறிவிட்டது. பல்பின் சூட்டை ஏசி விரட்டுகிறது, ஏசியின் குளிரைப் பல்பு விரட்டுகிறது, நடுவில் மீட்டர் ஓடுகிறது. நான் ஹாலில் ஈரத்துண்டோடு கிடக்கிறேன். முட்டைக்கோ தனிக் கவனிப்பு: 29 டிகிரியில் இரண்டு மாதம். 32ஐத் தாண்டினால் ஆணாகப் பொரிய வேண்டியதும் பெண்ணாகப் பொரியும் என்று 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். நம் ஊரில் மத்தியானம் கரண்ட் போனால் அத்தனையும் பெண் வீட்டார்தான். ஜோடிக்கு மாப்பிள்ளை தேட ஆஸ்திரேலியாவுக்கா போவது? அந்த ஊரோ காட்டு ஓணானை வியாபாரத்துக்கு வெளியே விடுவதேயில்லை.

இரண்டாவது தீனி. சுவர்க்கோழிதான். அதுவும் குட்டியின் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. பஜ்ஜிக்கு மாவு தோய்ப்பதுபோல் ஒவ்வொன்றையும் கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். நேற்று ராத்திரி டப்பாவின் மூடி திறந்துகொண்டது. பீரோவுக்குப் பின்னாலிருந்து விடிய விடியக் கச்சேரி. “பொட்டைங்க கத்தாது மாமா, ஆணுங்கதான்” என்று விளக்கம் வேறு.

மூன்றாவதுதான் முக்கியம். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், கரண்ட் போய்விட்டது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கிறது. அதில் எது ஓடுகிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.