முட்டி போட்டுப் பார்த்து வாங்குங்கள்

(ஷார்லட், வடக்கு கரோலினா)
கேள்வி: பழைய கயாக்கை வாங்கிக் கனூவாக மாற்றுவானேன்? கனூவையே வாங்கிவிட்டால் என்ன?

பதில்: மேல்மூடி போட்ட ஒற்றையாள் கனூவைச் ‘சி-1’ என்பார்கள். செங்குத்தான பாறை ஓடைகளுக்கென்றே அதைச் செய்து விற்பவர்கள் அநேகமாக இல்லை. வாங்க ஆள் இல்லை, அதனால் செய்யவும் ஆள் இல்லை. பழைய கயாக்குகளோ மலிவாக நிறையக் கிடைக்கின்றன. இருக்கையைக் கழற்றிவிட்டு, முட்டி போட்டு உட்கார நுரைத் திண்டு வைத்து, ஒற்றை அலகுத் துடுப்பைக் கையில் எடுத்தால் வேலை முடிந்தது. முழங்காலுக்கு மட்டும் அப்போதுதான் வேலை ஆரம்பம்.

(அட்லாண்டா)
கேள்வி: எந்த மாடல்? பெயர் போதும், விளக்கம் வேண்டாம்.

பதில்: டீசல் 80, ரீமிக்ஸ் 79, நோமட், பர்ன். விளக்கத்தை இலவசமாகத் தருகிறேன். முதல் இரண்டு பெயர்களிலும் உள்ள எண், படகின் கொள்ளளவு, கேலன் கணக்கில். 80 கேலன் என்றால் சுமார் 300 லிட்டர். முட்டி போட்டால் உடம்பின் பாரம் மேலே ஏறும், படகு ஆட்டம் காட்டும். அகலமும் கொள்ளளவும் இருந்தால்தான் அதை அடக்கலாம். இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் பெரியதை எடுங்கள்.

(நாக்ஸ்வில்)
கேள்வி: அலையில் குட்டிக்கரணம் போடும் குட்டைக் கயாக் ஒன்று அடிமாட்டு விலைக்கு வருகிறது. விடலாமா?

பதில்: விடுங்கள். அதன் நுனிகளைத் தட்டையாகச் செய்திருப்பதே தண்ணீருக்குள் அமுங்கத்தான். நீங்கள் இறங்கப் போவது அருவியில். அங்கே மூக்கு மேலே வந்தாக வேண்டும். போதாக்குறைக்கு, அதற்குள் உங்கள் பாதம் நுழையாது.

(பிட்ஸ்பர்க்)
கேள்வி: விற்பவர் வீட்டுக்குப் போனதும் முதலில் எதைப் பார்ப்பது?

பதில்: அடிவயிற்றை. படகைக் கவிழ்த்துப் போட்டு, இருக்கைக்கு நேர் கீழே கட்டைவிரலால் அழுத்துங்கள். பாறையில் அதிகம் தேய்வது அந்த இடம்தான். வெளிர் நிறப் படகாக இருந்தால் உள்ளே டார்ச் அடித்து வெளியிலிருந்து பாருங்கள், மெலிந்த இடம் பளிச்சென்று தெரியும். திருகாணித் துளைகளைச் சுற்றி முடி அளவு விரிசல் இருந்தாலும் கேள்வி கேளுங்கள். சாதாரண பாலிஎதிலீன் என்றால் உருக்கி ஒட்டலாம். குறுக்குப் பிணைப்புள்ள வகை என்றால் அதற்கு மசியாது. பள்ளம் விழுந்திருந்தால் கவலை வேண்டாம், பெரும்பாலும் வெயிலே நிமிர்த்திவிடும். நிறம் வெளுத்துச் சுண்ணாம்பு போல் கையில் ஒட்டினால் நடையைக் கட்டுங்கள். வயது சொல்ல விற்பவர் யோசித்தால், வால் பக்கம் பொறித்த 12 எழுத்து அடையாள எண்ணைப் பாருங்கள். அமெரிக்காவில் விற்ற படகில் கடைசி இரண்டு இலக்கம் மாடல் ஆண்டு. கீறல்களை எண்ணாதீர்கள். கீறலே இல்லாத ஓடைப் படகு கொட்டகையில் தூங்கிய படகு.

விலை பேசுவதற்கு முன் இன்னொன்று. இருக்கையைக் கழற்ற அவர் சம்மதித்தால், ஆற்றில் போடும் அதே ஷூவோடு உள்ளே முட்டி போடுங்கள். உட்கார ஏழு அங்குல உயரத்தில் ஏதாவது வையுங்கள். பாதம் மடங்க இடம் இருக்கிறதா, வெளியே வரும்போது முட்டி விளிம்பில் இடிக்கிறதா என்று பாருங்கள். சாவித்துளை வடிவத்தில் நீண்ட வாய் உள்ள படகு என்றால் பிழைத்தீர்கள். அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

(ஆஷ்வில்)
கேள்வி: உள்ளே நிற்கும் நுரைத் தூண் காலை இடிக்கிறது. அறுத்துவிடலாமா?

பதில்: கத்தியைக் கீழே வையுங்கள்! படகு பாறையில் அறைந்து நின்று, ஆறு முழுக்க மேல்மூடியை அழுத்தும்போது, மூடி உங்கள் காலின் மேல் மடியாமல் தாங்குவது அந்தத் தூண்தான். மூடி மடிந்தால், காலை நீட்டி உட்கார்ந்தவரே சிக்கிக்கொள்வார். மடக்கி உட்கார்ந்தவர் கதி? முன்தூணின் இருபுறமும் முட்டியை விரித்து வையுங்கள். பின்தூணில் திண்டு உட்காரும் அளவுக்கு மட்டும் செதுக்குங்கள். திண்டின் பின்பகுதி மேல்மூடியைத் தொட்டு நின்றால் தூணின் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

(அதே வாசகர்)
கேள்வி: சரி, செதுக்கிவிட்டேன். இன்றைக்கே ஒட்டிவிடவா?

பதில்: அவசரக்காரர்! ஒட்டாமல் அமைதியான தண்ணீரில் உட்கார்ந்து, கரையிலிருந்து ஒருவரைப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு அமுங்கினால் திண்டைப் பின்னே தள்ளுங்கள், வால் அமுங்கினால் முன்னே. பிறகுதான் பசை. பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். உங்களைப் படகோடு இறுக்கும் தொடைப்பட்டைகள் ஒரே இழுப்பில் விடுபட வேண்டும். இரண்டாவது இழுப்பு தேவைப்பட்டால் பக்கிளை மாற்றுங்கள்.

(டல்லஸ்)
கேள்வி: எனக்கு வஜ்ராசனம் பழக்கம் உண்டு. இது போதுமா?

பதில்: உட்காரப் போதும், கவிழ்ந்தால் போதாது. திண்டை உயரமாகவே வைத்து ஆரம்பித்து, கால் பழகப் பழகச் சீவிக் குறையுங்கள். சீவியதைத் திரும்ப ஒட்டுவது தொல்லை. நீச்சல்குளத்தில் கவிழ்ந்து வெளியேறப் பழகுங்கள். ஆற்றில் கால் மரத்தால் கரையேறிவிடுங்கள், மரத்த காலோடு கவிழ்வது விளையாட்டல்ல.

(ஷார்லட் வாசகரே மீண்டும்)
கேள்வி: கயாக் நண்பர்கள் ‘ஏன்டா முட்டி போடுகிறாய்’ என்று சிரிக்கிறார்களே?

பதில்: முட்டி போட்டே சி-1 ஸ்லாலம் படகுப் போட்டியில் 2000, 2004, 2012 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர் பிரான்சின் டோனி எஸ்டாங்கே. பாரிஸ் 2024 ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவுக்குத் தலைவரானபோதுதான் அவருக்கு நாற்காலி கிடைத்தது.