ட்ரெய்லர்த் திணை: முதல், கரு, உரி பற்றிய ஓர் ஆராய்ச்சி

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தை நான்காக வகுத்தவர்கள் பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் காய்ந்து தம் இயல்பை இழந்தால் அதுவே பாலை என்று முடித்துக்கொண்டார்கள். இதே முறையில் பிறந்த இன்னொரு திணை இன்னும் இலக்கணம் ஏறாமல் கிடக்கிறது. வீடும் காடும் ஒருசேர இயல்பு கெடும் இடத்தில் அது பிறக்கிறது. வட அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் பிக்கப் வண்டிகளின் பின்னால் சக்கரம் வைத்த வீடாகக் கட்டி இழுக்கப்பட்டு அது ஊர்ந்து போவதைக் காணலாம்.

அதற்கு ட்ரெய்லர்த் திணை என்று பெயரிட்டு, முதல், கரு, உரி ஆகிய மூன்றும் அதற்கு உண்டென நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். கூடவே ஒரு கருதுகோள்: வார இறுதி கேம்பிங்குக்குப் போவது மனிதர் அல்லர், சாமான். மனிதர் துணைக்குப் போகிறார்கள்.

முன்னோர் நெறி

இயற்கையோடு தனித்திருந்தோர் வரிசையில் தவறாமல் எண்ணப்படுபவர் ஹென்றி டேவிட் தோரோ. 1845 ஜூலை 4 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்டன் குளக்கரைக் குடிலுக்குக் குடிபோனார். குடில் 10 அடிக்கு 15 அடி, ஆக 150 சதுர அடி. கட்டிய செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று அரை சென்ட்டைக்கூட விடாமல் எழுதிவைத்தார். இன்றைய நடுத்தர ட்ரெய்லர் ஒன்று 25 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்டது, ஆக 200 சதுர அடி. எளிய வாழ்வின் ஆசானைவிட இரண்டு இரவு தங்க வருகிறவருக்கு 50 சதுர அடி கூடுதல். அந்த ஐம்பதில் கழிப்பறையும் ஷவரும் மைக்ரோவேவும் அடங்கிவிடுகின்றன.

தோரோவை இத்திணையின் முதல்வர் என்பாரும் உளர். அது பொருந்தாது. அவர் சோதித்துப் பார்த்தது தம்மை, சாமானை அல்ல. உண்மையான முதல்வர்கள் ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், ஹார்வி ஃபயர்ஸ்டோன் மூவரும்தான். 1910களின் பிற்பகுதியிலும் 1920களின் தொடக்கத்திலும் தங்களை நாடோடிகள் என்று அழைத்துக்கொண்டு இவர்கள் கோடையில் காட்டுக்குப் போனார்கள். கூடவே சமையல்காரர்களும், சமையலுக்கென்றே ஒரு வண்டியும், எடிசனின் பேட்டரியில் எரியும் மின்விளக்குகளும், நடுப்பகுதி சுழலும் பெரிய வட்ட மேசையும் போயின. 1921இல் ஜனாதிபதி வாரன் ஹார்டிங்கும் மேரிலாந்துக் காட்டில் வந்து சேர்ந்துகொண்டார். ஒருவர் கார் செய்பவர், ஒருவர் பேட்டரி செய்பவர், ஒருவர் டயர் செய்பவர். காட்டின் அழகு இவர்களை இழுத்தது என்று வரலாறு சொல்லட்டும். தத்தம் சரக்கைக் கரடுமுரடான பாதையில் ஓட்டிப் பார்க்கவே போனார்கள் என்பது இவ்வாய்வின் துணிபு.

இதற்கு வானத்திலிருந்தும் சான்று உண்டு. 1969 ஜூலையில் நிலாவுக்குப் போய்விட்டு வந்த அப்பல்லோ 11 வீரர்களை, ஹார்னெட் போர்க்கப்பலில் ஒரு ட்ரெய்லருக்குள் அடைத்தார்கள். நிலாக் கிருமி எதுவும் பரவிவிடக்கூடாதே என்று, ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் வண்டியைச் சக்கரம் இல்லாமல் மாற்றிக் கட்டிய அறை அது. ஜனாதிபதி நிக்சன் வெளியே நின்று சன்னல் வழியாகப் பேசினார். அவ்வளவு நீண்ட தூரம் சாமானைச் சோதித்துவிட்டு வந்தவர்களும் கடைசியில் ட்ரெய்லருக்குத்தான் வந்து சேர வேண்டியிருந்தது என்பது கருதத்தக்கது.

முதற்பொருள்

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், கேம்ப் கிரவுண்ட். ஒருவழிப் பாதை வளைந்து திரும்ப, அதன் ஓரத்தில் வண்டி நிறுத்த ஒவ்வொரு சிறு கிளை, கிளைக்கு ஒரு மேசை, ஓர் அடுப்பு. இந்த வடிவம் தானாக வந்ததல்ல. எமிலியோ மைனெக்கே என்ற தாவர நோயியலாளர் 1932இல் எழுதிய அறிக்கை இதற்கு வழிகாட்டியது. கலிஃபோர்னியாவின் பெருமரங்களுக்கு அடியில் கார்கள் கண்டபடி ஏறி நின்று மண்ணை இறுக்க, வேர்கள் மூச்சு முட்டிச் சாகின்றன என்று கண்டவர் அவர். வண்டியை ஓரிடத்தில் கட்டிப்போட்டால் மரம் பிழைக்கும் என்றார். மரத்துக்கு எழுதிய மருந்துச் சீட்டே கேம்ப் கிரவுண்ட் ஆயிற்று.

பெரும்பொழுது, மே கடைசியில் வரும் மெமோரியல் டே முதல் செப்டம்பரின் முதல் திங்களான லேபர் டே வரை. சிறுபொழுது, வெள்ளிக்கிழமை வெளிச்சம் மங்கும் வேளை. பகலில் வந்து சேர்ந்தவர் உண்டா எனின், உண்டு. ஆனால் அவர்கள் இலக்கியத்துக்குப் பயன்படமாட்டார்கள்.

கருப்பொருள்

ஊர்: இன்டியானா மாநிலத்தின் எல்க்கார்ட். உலகின் ஆர்வி (பொழுதுபோக்கு வண்டி) தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் இவ்வூர் வட்டாரத்தில்தான் அமெரிக்க ட்ரெய்லர்களில் பெரும்பகுதி பிறக்கிறது. இத்தொழிலின் பெரியோர்களுக்கு அங்கே ஒரு புகழ்மண்டபமும் இருக்கிறது.

உணவு: ஸ்மோர். கிரஹாம் பிஸ்கட் இரண்டுக்கு நடுவே சாக்லேட்டும் நெருப்பில் வாட்டிய மார்ஷ்மெல்லோவும். 1927இல் அமெரிக்கப் பெண் சாரணர்களின் கையேட்டில் இதன் செய்முறை அச்சேறியது. ட்ரெய்லருக்குள் மூன்று பர்னர் அடுப்பும் ஓவனும் சும்மா கிடக்க, இதைக் குச்சியில் குத்தி வெளியே சுடுவதே மரபு.

மரம்: விறகு. வீட்டிலிருந்து கொண்டுவரக்கூடாது, அங்கேயே வாங்கவேண்டும். ஆசியாவிலிருந்து வந்து 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை வண்டு, விறகோடு விறகாகப் பயணம் செய்து ஆஷ் மரங்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்ததால் வந்த விதி இது. ஆக, வார இறுதிப் பயணம் போன வண்டும் இத்திணையின் கருப்பொருளே.

பறை: ஜெனரேட்டர். தேசியப் பூங்காக்களில் 50 அடி தூரத்தில் அதன் ஓசை 60 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. யாழ்: தண்ணீர்ப் பம்பு. நள்ளிரவில் யாரோ குழாயைத் திறந்தால் தரைக்கடியில் இருந்து எழும் இதன் இசை, உறங்கும் அனைவருக்கும் உரியது.

தெய்வம்: ரசமட்டம். இதைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

ட்ரெய்லர் வந்து நின்றதும் தலைவன் முதலில் பார்ப்பது வானத்தையோ ஏரியையோ அல்ல; வண்டியின் முகப்பில் ஒட்டிய சிறு கண்ணாடிக் குழாயை. பச்சைத் திரவத்தில் மிதக்கும் குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்கிறதா? வலப்பக்கம் ஒதுங்கியிருந்தால் இடப்பக்கம் தாழ்வு. மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் இடச்சக்கரத்தை ஏற்றவேண்டும். ஏற்றிப் பார்த்தால் குமிழி கோட்டைத் தாண்டி மறுபக்கம் போயிருக்கும். ஒரு கட்டையை உருவ வேண்டும். பிறகு சக்கரங்களுக்கு அடைக்கட்டை. இதற்குள் பிள்ளைகள் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

இவ்வழிபாட்டுக்கு ஒரு காலத்தில் அறிவியல் காரணம் இருந்தது. ஸ்டாக்ஹோமில் பொறியியல் மாணவர்களாக இருந்த பால்ட்ஸார் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்டெர்ஸும் 1922இல் ஒரு குளிர்பெட்டி கண்டுபிடித்தார்கள். மோட்டார் இல்லை, அசையும் பாகமே இல்லை. கீழே கேஸ் எரிய, அம்மோனியாவும் தண்ணீரும் ஹைட்ரஜனும் குழாய்களுக்குள் சுற்றிவந்து பெட்டியைக் குளிரவைக்கும். நெருப்பைக் கொடுத்து ஐஸ் வாங்கும் இந்த வித்தை மின்சாரம் இல்லாத காட்டுக்கு மிகப் பொருத்தம் என்று ட்ரெய்லர்கள் அதை ஏற்றுக்கொண்டன. ஆனால் உள்ளே திரவம் திரும்பி வடிவது புவியீர்ப்பால் மட்டுமே. பெட்டி சாய்ந்து நின்றால் திரவம் வழியில் தேங்கும். கொதிகலம் காய்ந்து சூடேறும். துருவைத் தடுக்கச் சேர்த்த உப்பு படிந்து குழாயை அடைக்கும். அத்தோடு குளிர்பெட்டி முடிந்தது.

இப்போதைய ட்ரெய்லர்கள் பலவற்றில் பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் கம்ப்ரஸர் குளிர்பெட்டி வந்துவிட்டது. அதற்குச் சற்றுச் சாய்வு ஒரு பொருட்டல்ல. எனினும் குமிழிக்கு நடக்கும் பூசை குறையவில்லை. மாறாக, ட்ரெய்லரின் சாய்வைக் கைபேசித் திரையில் படமாகக் காட்டும் புளூடூத் மட்டக்கருவி வந்திருக்கிறது. காரணம் போய்விட்டது, சடங்கு நிலைத்ததோடு அதற்கு ஒரு செயலியும் கிடைத்துவிட்டது.

உரிப்பொருள்

பிற திணைகளுக்குப் புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். இத்திணைக்குப் பொருத்தலும் பொருத்தல் நிமித்தமும்.

கிளம்பும்போது பிக்கப்பின் பின்னாலுள்ள ஹிட்ச் குண்டின்மேல் ட்ரெய்லரின் கழுத்து உட்காரவேண்டும். இரண்டு சங்கிலிகளையும் குறுக்காக மாட்டவேண்டும், கழுத்து கழன்றாலும் தரையில் விழாமல் அவை ஏந்திக்கொள்ள. ஏழு முனை மின்செருகி, வண்டி அறுந்துபோனால் பிரேக்கைப் பிடிக்கும் கம்பி, இவையும் உண்டு. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கழுத்தில் இறங்கவேண்டும் என்பது விதி. 6,000 பவுண்டு ட்ரெய்லர் என்றால் 600 முதல் 900 பவுண்டு வரை. புதிதாக வாங்கிய சைக்கிள் தாங்கியைப் பின்பம்பரில் மாட்டி நான்கு சைக்கிளை ஏற்றினால் கழுத்து எடை குறைகிறது. நெடுஞ்சாலையில் வால் ஆடத் தொடங்குகிறது. ஆட்டத்தைத் தடுக்க இன்னொரு கருவி விற்கிறது.

புதுச் சாமானின் இயல்பே இதுதான்: ஒன்று வந்தால் தனக்கு ஒரு துணை கேட்கும். பழைய ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் பேட்டரி வைப்பார் ஒருவர். வண்டியிலுள்ள பழைய சார்ஜர் 13.6 வோல்ட் அளவில் நின்றுவிடும். லித்தியம் நிறைய சுமார் 14.4 வோல்ட் வேண்டும். ஆகவே சார்ஜரை மாற்றுவார். ஓடும்போது பிக்கப்பின் ஆல்டர்னேட்டரிலிருந்து ஏற்றலாமே என்று தோன்றும். அதற்குத் தனிச் சார்ஜர், தடித்த ஒயர், புது ஃபியூஸ். பிறகு கூரையில் சோலார் தகடு. நிழலுக்காக மரத்தடியில் நிறுத்திய வண்டியில் சோலார் வேலை செய்யாது என்பது சனிக்கிழமை காலையில் தெரியவரும்.

ஊடல் இத்திணையிலும் உண்டு. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அது நிகழும். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்து, வண்டியின் வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்து என்பது சூத்திரம். சூத்திரம் எளிது. பின்னால் நின்று கைகாட்டும் தலைவி, கண்ணாடியில் தெரியாத இடமாகப் பார்த்து நிற்பாள்.

“இடது பக்கம்!”

“யாருக்கு இடது?”

எதிர்வரிசையில் ஏற்கெனவே வந்து செட்டிலானவர்கள் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்கள். வயர்லெஸ் பின்கேமரா இந்த ஊடலை ஒழித்துவிட்டது என்று விற்பவர்கள் கூறுவர். அது சிக்னல் விட்டுப்போகும் வரை உண்மை.

இரண்டாம் ஊடல் மின்சாரம் பற்றியது. 30 ஆம்பியர், 120 வோல்ட் இணைப்பில் கிடைப்பது 3,600 வாட். ஏசி ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் மைக்ரோவேவில் சாப்பாடு சூடாக்க, இன்னொருவர் தலை உலர்த்த, பிரேக்கர் விழும். குற்றம் யாருடையது என்பதில் உரையாசிரியர்கள் இரு பிரிவு.

மறுப்புரை

இவ்வளவும் ஓய்வுக்காகத்தானே என்று மறுப்பார் உளர். அவர்கள் சனிக்கிழமை மாலை கேம்ப் கிரவுண்டின் வளைவுப் பாதையில் ஒரு நடை போய்ப் பார்க்கவேண்டும். ஏரி ஒரு பக்கம் இருக்க, நடப்பவர் கண்கள் மறுபக்கம், அடுத்தவர் ட்ரெய்லரின்மேல். “இந்த ஜாக் மோட்டாரா, கையால் சுத்துறதா?” என்ற கேள்வியில் அறிமுகம் தொடங்கும். அரைமணி நேரத்தில் இருவரும் ஒரே வண்டியின் அடியில் குனிந்து கிடப்பார்கள். பெயர் கேட்டுக்கொள்வது பிறகு.

கூடாரக்காரர்கள் இதையெல்லாம் ஏளனம் செய்வதுண்டு. மழை பெய்யும் இரவுகளில் அவர்களுடைய வாதம் வலுக்குறைகிறது.

ஆய்வின் இறுதிப் பகுதி ஞாயிற்றுக்கிழமை காலை, கழிவுநீரைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷன் வரிசையில் நடக்கிறது. பாத்திரமும் குளியலும் தந்த நீர் கிரே டேங்கில், கழிப்பறை தந்தது பிளாக் டேங்கில். ரப்பர் கையுறை அணிந்து, 3 அங்குல நெளிகுழாயைப் பொருத்தி, முதலில் பிளாக், அடுத்து கிரே என்று திறக்கவேண்டும். பின்வரும் நீர் முன்போனதைக் குழாயிலிருந்து கழுவிக்கொண்டு போகும். எந்த டயர், எந்த ஹிட்ச், எந்த பேட்டரி என்று இத்திணையில் எல்லாவற்றுக்கும் பாடபேதம் உண்டு. இந்த வரிசைமுறைக்கு மட்டும் இல்லை. மாற்றிச் செய்து பார்த்தவர்கள் உடனே பழைய பாடத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.