எப்போது பழகும் இந்த ஊர்?

கேள்வி: வேலை கிடைத்து ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இந்த ஊர் எப்போதுதான் பழகும்?
– ஒரு வாசகர், மியூனிக்

பதில்: குடிபுகுந்த 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்திருப்பீர்களே, அன்றைக்கே அரசாங்கத்துக்கு நீங்கள் பழகிவிட்டீர்கள்! ஊர் உங்களுக்குப் பழகத்தான் நாளாகும்.

அதற்கு அடையாளங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்குக் கடை மூடிய பிறகு, வெங்காயம் தீர்ந்துபோனதைக் கண்டுபிடிக்கிறீர்களா? நீங்கள் இன்னும் விருந்தாளிதான். சனிக்கிழமை காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினால் பாதி ஊர்க்காரர். காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை மெஷினில் போட்டு 25 சென்ட் திரும்ப வாங்கும்போது, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கிய சந்தோஷம் வந்தால் முக்கால்வாசி.

"ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி பாட்டிலை அதற்கான தொட்டியில் போடாதீங்க, சத்தம் கேட்கும்" என்று புதிதாக வந்தவருக்கு உபதேசம் செய்கிறீர்களா? முழுசாகப் பழகிவிட்டது. இனிமேல் லீவுக்கு ஊருக்கு வரும்போது, விடியற்காலையில் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடும் திருவிழாதான் உங்களுக்குப் பழக வேண்டியிருக்கும்!