பொங்குமாங்கடல் கட்டில்

பிள்ளைகளுக்கு ஒழுங்கு கற்றுக்கொடுக்க நினைப்பவர்கள் தென்காசியில் குடியிருக்கக் கூடாது. இருந்தாலும் ஜூன் மாதத்தில் அந்தப் பாடத்தைத் தொடங்கக் கூடாது. எனக்கு இரண்டுமே வாய்த்தது.

பள்ளிக்கூடம் திறக்கவும், ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று சாரலைக் கூட்டிக்கொண்டு வரவும் சரியாக இருக்கும். கொடி வீட்டுக்குள் வந்துவிடும். சீருடை ஃபேனுக்கு அடியில், சாக்ஸ் ஃபிரிட்ஜுக்குப் பின்னால், நனைந்த நோட்டு அடுப்பங்கரையில். இந்த லட்சணத்தில், "எடுத்த பொருளை எடுத்த இடத்துல வைல" என்று முழங்கினேன். பையன் பணிவாக ஈரச் சாக்ஸைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் செருகினான். காலையில் அங்கேயிருந்துதானே எடுத்தான்!

மற்றதெல்லாம் கட்டிலில். குற்றாலம் பேரருவித் தண்ணீர் மேலிருந்து நேரே நம் தலையில் விழுவதில்லை. நடுவே பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, அப்புறம்தான் கீழே இறங்கும். எங்கள் கட்டிலும் அப்படித்தான். பை, குடை, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாம் முதலில் அதில் விழும். நிறைந்தபின் தரைக்கு வழியும். அருவியில் வெள்ளம் வந்து பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை. இங்கே படுக்கத் தடை. போடுவது என் வீட்டுக்காரி. தடைக்காலத்தில் எனக்குப் படுக்கை தார்சாவில்தான்.

1939-ல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் தட்டு, ஒவ்வொன்றுக்கும் நிலையான இடம், குவிக்காமல் கொஞ்சமாகப் பொருள்கள் என்பது அந்த அம்மையாரின் முறை. வீட்டுக்காரி இதை எங்கேயோ படித்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். ஆணியெல்லாம் என் உயரத்துக்கு இருந்தது. மூன்றாம் வகுப்புக்காரன் பையை மாட்ட ஸ்டூல் வேண்டும். ஸ்டூல் மேல் என்னுடைய பழைய பேப்பர் கட்டு. "மொதல்ல ஒங்க பொருள எடுங்க" என்றாள். கேட்காத மாதிரி சுத்தியல் தேடப் போனேன். சுத்தியலும் அதற்குரிய இடத்தில் இல்லை.

ஒருவழியாக இடுப்பு உயரத்தில் ஆணி அடித்தேன். ஆணியைவிட ஓட்டைதான் அதிகம். ஆனாலும் பைகள் தொங்கின, குடைகள் தொங்கின! தெருவில் நாலு பேரை நிறுத்தி மாண்டிசோரி பற்றி வகுப்பே எடுத்தேன்.

அப்புறம் வந்தார்கள் சீசன் விருந்தாளிகள். நமக்கு இத்தனை சொந்தபந்தம் இருக்கிறது என்பது தென்காசிக்காரனுக்கு ஜூலையில்தான் தெரியும். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த பெரியவர்கள், பைகளைக் கழற்றிக் கட்டிலில் எறிந்துவிட்டு, அந்த ஆணிகளில் ஈரத்துண்டை மாட்டினார்கள்.

"யப்பா, மாமாக்கு அவங்க வீட்ல யாருமே சொல்லிக் குடுக்கலையா?" என்றாள் மகள்.

"ஏளா, பெரியவங்கள அப்படிலாம் கேக்கக் கூடாது" என்று அதட்டினேன். கேட்டால் நன்றாகத்தான் இருக்கும்.

பையன் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. ஆணிக்கு வாடகை போட்டுவிட்டான்: துண்டு ஒன்றுக்கு இரண்டு ரம்புட்டான். மாமாவும் சந்தோஷமாகக் கொடுக்கிறார். நேற்றுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால், தோலெல்லாம் ஒரு மூலையில் கும்பாரமாகக் கிடக்கிறது.

"ஏல, என்னல இது?"

"அதோட எடம் அதாம்ப்பா."