துரை முகாமில் இருக்கிறார்

‘ஐயா கேம்ப் போயிருக்காக, நாளைக்கு வாங்க’ என்ற பதிலைக் கேட்டு, மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திருவேங்கடம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அண்ணாச்சிகள் மனம் தளர வேண்டாம். பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரருக்கே இந்தப் பதில்தான் கிடைத்தது.

1798-ல் நம் சீமைக்குக் கலெக்டர் ஜாக்சன் துரை; கச்சேரி இராமநாதபுரத்தில். கிஸ்தி பாக்கி விஷயமாக அங்கே வந்து தன்னைப் பார்க்க வேண்டும் என்று ஆகஸ்ட் 18-ல் கட்டபொம்மனுக்கு உத்தரவு அனுப்பினார். அனுப்பியவர் கச்சேரியில் இருக்க வேண்டாமா? குற்றாலத்துக்கு வந்துவிட்டார். அதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் மாதம், சீசன்.

கட்டபொம்மன் படை பரிவாரத்தோடு குற்றாலத்துக்குப் போனார். “இங்கே பார்க்க முடியாது” என்றார் துரை. சொக்கம்பட்டியில்? முடியாது. சேத்தூர், சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர், பேரையூர், கமுதி என்று துரை முன்னே போக, பாளையக்காரர் பின்னே போனார். வரி பாக்கிக்காரன் ஓடுவான், தண்டல்காரன் துரத்துவான் என்பதுதான் ஊர் வழக்கம். கிழக்கிந்தியக் கம்பெனியார் அதையும் தலைகீழாக்கினார்கள். 23 நாள், 400 மைல் என்று சரித்திரப் புத்தகங்கள் கணக்குச் சொல்கின்றன. இந்த ஊர்வலத்துக்குச் சோறு போட்ட கிராமங்களின் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

செப்டம்பர் 10-ல் ஒருவழியாக இராமநாதபுரத்தில் தரிசனம் கிடைத்தது. உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. மூன்று மணி நேரம் நிற்கவைத்து விசாரணை. சிவாஜி குரலில் நமக்கெல்லாம் மனப்பாடமான வசனம் 1959-ல் வந்த சினிமாவுக்கு எழுதியது. அன்றைக்கு நடந்த பேச்சு பெரும்பாலும் பாக்கிக் கணக்குதான். கணக்கு கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் செத்தார், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய காரியஸ்தர் சிவசுப்பிரமணிய பிள்ளை மாட்டிக்கொண்டார். பிறகு சென்னையிலிருந்து கமிட்டி போட்டு விசாரித்ததில், நடந்துகொண்ட விதம் சரியில்லை என்று ஜாக்சனுக்குத்தான் வேலை போனது. கமிட்டி போட்டதில் உருப்படியாக ஒன்று நடந்ததை நம் சரித்திரத்தில் அபூர்வமாகத்தான் பார்க்கலாம்.

அதே 1798, அக்டோபர் 12. இராமநாதபுரத்து ரகளை நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதே கம்பெனியின் ஆள் மெஹ்தி அலி கான், அரபுக் கரையில் மஸ்கட் சுல்தான் முன்னால் பவ்வியமாக உட்கார்ந்து உடன்படிக்கை எழுதி வாங்கிக்கொண்டிருந்தார். அங்கே யாரும் யாரையும் 400 மைல் அலையவிடவில்லை. காரணம் நெப்போலியன். அவர் எகிப்தில் இறங்கியிருந்தார். பிரெஞ்சுக்காரனுக்கு மஸ்கட் துறைமுகத்தில் இடம் கொடுத்துவிடாதீர்கள் என்று சுல்தானிடம் கெஞ்ச வேண்டிய நிலை. பாளையக்காரரிடம் இருந்தது மண்கோட்டை. சுல்தானிடம் இருந்தது துறைமுகம். மரியாதை எங்கே போய்ச் சேரும் என்று சொல்ல வேண்டுமா?

ஜாக்சன் போனாலும் கிஸ்தி போகவில்லை. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பீரங்கியோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தார். அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். மூன்றே மாதத்தில், 1800 ஜனவரியில், மால்கம் துரை மஸ்கட்டுக்குப் போய் இரண்டாவது உடன்படிக்கை எழுதினார். சந்திர சூரியர் உள்ளவரை நட்பு என்கிற ரீதியில் அதில் வாசகம். நம் கல்வெட்டுக்காரர்களே தோற்றார்கள்.

அரபுக் கரை முழுவதும் இந்த உபசாரம் கிடைத்தது என்று எண்ணிவிட வேண்டாம். துறைமுகத்துக்குப் பதில் சண்டைக் கப்பல் வைத்திருந்த ராஸ் அல் கைமாவை 1819 டிசம்பரில் பம்பாய்ப் படை பீரங்கியால் தகர்த்தது. 1820 ஜனவரியில் அந்தக் கரை ஷேக்குகள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். 1903 நவம்பரில் வைஸ்ராய் கர்சன் ஷார்ஜாவுக்கு எதிரே கடலில் போர்க்கப்பலை நிறுத்தி, ஷேக்குகளை அதில் ஏறிவரச் சொல்லி தர்பார் நடத்தினார். உங்களைக் காப்பாற்றியது நாங்கள்தான் என்று ஒரு பிரசங்கமும் செய்தார். வைஸ்ராயே தேடிப் போனாரே என்று பார்த்தால், அங்கேயும் ஏறி இறங்கியது ஷேக்குகள்தான்.

இன்றைக்கு அதே ஷார்ஜாவிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் நம் பையன்கள் லீவில் வருகிறார்கள். தம்பிமாரே, பெட்டியை வீட்டில் வைத்த கையோடு ஒருநாள் கழுகுமலை வழியாகக் கயத்தாறு வரைக்கும் போய்வாருங்கள். சிவாஜி கணேசன் வைத்த கட்டபொம்மன் சிலை அங்கே இருக்கிறது. பார்க்க முன் அனுமதி எதுவும் வேண்டியதில்லை.